மகள் மொழியியல் கேட்கிறாள்: ஒரு கோத்தகிரிப் பெற்றோருக்குப் பதில்

பிளஸ் டூ படிக்கும் பெண் "மொழியியல் எடுக்கிறேன்" என்றதும் உங்கள் வீட்டில் எழுந்த கேள்வி, "அதுல எத்தனை பாஷை சொல்லித் தருவாங்க?" என்பது. பாஷை சொல்லித் தருவது அந்தப் படிப்பின் வேலை இல்லை. ஒலி எங்கே பிறக்கிறது, சொல் எப்படி உருவாகிறது, வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது, ஒரே சந்தையில் நான்கு மொழிகள் புழங்கினால் எது எதிலிருந்து கடன் வாங்குகிறது என்று ஆராய்வதுதான் மொழியியல்.

உங்கள் ஹட்டியிலிருந்தே (படுகர் ஊரிலிருந்தே) ஓர் எடுத்துக்காட்டு. தமிழில் பால், உங்கள் வீட்டு மொழியான படுகில் ஹாலு, நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் மொழியில் மறுபடியும் பால். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பின்னாளில் ஹகரமாயிற்று. படுகிலும் அந்த மாற்றம் இருக்கிறது, கோத்தர் மொழியில் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் இரண்டும் வேறு வேறு கிளை என்பதை இதுபோன்ற சொற்களை வரிசையாக அடுக்கித்தான் காட்டுகிறார்கள். இதற்காகவே 1930களில் எமனோ என்ற மொழியியலாளர் அமெரிக்காவிலிருந்து இந்த மலைக்கு வந்து தோடர், கோத்தர், படுகர் பேச்சைக் குறித்துக்கொண்டார். பரோ என்ற இன்னொரு மொழியியலாளருடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளிவந்தது. அவர் கப்பலேறி வந்து கேட்ட பேச்சை உங்கள் மகள் அடுப்படியிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறாள். இந்தப் படிப்பில் அது பெரிய மூலதனம்.

இனி, பட்டம். தமிழ்நாட்டில் மொழியியல் பெரும்பாலும் முதுகலையில்தான் தனிப் பாடமாகக் கிடைக்கும். கோவை மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இரண்டிலும் துறை இருக்கிறது. அதனால் இளங்கலைக்கு பி.ஏ. தமிழோ பி.ஏ. ஆங்கிலமோ எடுத்து, எம்.ஏ.வில் மொழியியலுக்கு மாறுவதே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். எங்களைக் கேட்டால் தமிழ் என்போம். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் நாவும் அண்ணமும் எங்கே தொடுகின்றன என்று வருவது அப்படியே ஒலியியல்தான். அதைப் பாட்டாக மனப்பாடம் செய்யாமல் வாயில் சொல்லிப் பார்த்துப் படித்தால் எம்.ஏ. முதல் பருவம் பாதி முடிந்த மாதிரி.

பலர் விழும் குழி ஒன்று உண்டு. பள்ளி ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் கவனமாக இருங்கள். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு, பள்ளியில் உள்ள பாடத்தில் இளங்கலையும் பி.எட்.டும் தகுதித் தேர்வும் வேண்டும். முதுகலை ஆசிரியருக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். மொழியியல் பள்ளிப் பாடம் அல்ல. பி.ஏ. ஆங்கிலம், எம்.ஏ. மொழியியல் என்று படித்துவிட்டு முதுகலை ஆங்கில ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால் தள்ளுபடியாகும். ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால் எம்.ஏ.வும் அதே பாடத்தில் முடிக்கட்டும், மொழியியலைப் பிறகு சேர்க்கட்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற பதவிகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. யு.பி.எஸ்.சி.யில் மொழியியல் விருப்பப்பாடமாக இல்லை. ஆனால் தமிழ் இலக்கிய விருப்பப்பாடத்தின் முதல் தாளில் தமிழ்மொழி வரலாறும் திராவிட மொழிகளில் தமிழின் இடமும் வருகின்றன.

வெளி மாநிலம் அனுப்பத் தயார் என்றால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் மொழி அறிவியலில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. உண்டு. வழி கியூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத்தேர்வை ஒட்டியே வந்து போய்விடும், மே மாதம் ரிசல்ட் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்றிருந்தால் கதவு சாத்தியிருக்கும்.

கணக்கும் பிடிக்கும் பிள்ளைக்கு ஹைதராபாத் ட்ரிபிள் ஐ.டி.யில் கணினி அறிவியல் பி.டெக்.கும் கணினி மொழியியல் எம்.எஸ்.சும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். கட்டணம் பல லட்சம் போகும், பசுந்தேயிலை விலையை நம்பி முடிவெடுக்காதீர்கள், உதவித்தொகையைக் கேட்டுவிட்டுப் போங்கள். அறிவியல் குரூப் மாணவிக்கு இன்னொரு வழி, பேச்சு-செவித்திறன் சிகிச்சைக்கான பி.ஏ.எஸ்.எல்.பி. பயிற்சிக்காலம் சேர்த்து நான்கு ஆண்டு, முடித்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு. மொழியோடு தொடர்புள்ள படிப்புகளில் வேலை சீக்கிரம் கிடைப்பது இதில்தான். பிளஸ் ஒன்னில் கலைக் குரூப் எடுத்துவிட்டால் இந்த இரண்டு வழியும் அடைபடும்.

பி.ஏ. படிக்கும் மூன்று ஆண்டுகளும் சும்மா போகக் கூடாது. ஊட்டியிலோ குன்னூரிலோ கல்லூரி என்றால் மாலையில் வீட்டில் இருப்பாள், அந்த நேரம் போதும். பிராட் என்ற இலவச மென்பொருளில் தன் குரலையே பதிந்து உயிரொலிகளை அளக்கப் பழகட்டும். பிறகு நூறு அடிப்படைச் சொற்களைப் பாட்டியிடம் கேட்டுப் பதியலாம்: உடல் உறுப்புகள், எண்கள், நீர், நெருப்பு, உறவுப்பெயர்கள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை, நடுவில் சிறிது இடைவெளி விட்டு. கோப்பு வேவ் வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வாங்கினால் ஒலி சுருங்கி நுட்பம் போய்விடும், அதை வைத்து அளக்க முடியாது. தகரக் கூரைக்குக் கீழே மழையில் பதிந்ததும் வீண். ஜன்னல் சாத்திய, கம்பளி மெத்தை உள்ள அறையே நல்ல ஸ்டுடியோ.

பாட்டியைத் தாண்டி மந்துக்கோ (தோடர் ஊர்) கோக்காலுக்கோ (கோத்தர் ஊர்) போகிறாள் என்றால் முதலில் ஊர்ப் பெரியவர்களின் அனுமதி, பேசுபவரின் சம்மதம், பதிந்ததில் ஒரு பிரதி அவர்களுக்கு. கோவில் பாட்டும் சாவுப் பாட்டும் கேட்டதும் போனை நீட்டக் கூடாது. ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

கூடவே பைத்தான் நிரல்மொழி அடிப்படை. மத்திய அரசு 2022இல் தொடங்கிய, இந்திய மொழிகளுக்கான கணினி மொழிபெயர்ப்புத் திட்டமான பாஷிணி போன்றவை வந்தபின், பேச்சைக் கேட்டு எழுதுவது, வாக்கியங்களுக்கு இலக்கணக் குறியீடு இடுவது, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது என்று வேலைகள் வருகின்றன. மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்திலும் திட்டப் பணிகள் உண்டு. ஒளிக்காமல் சொல்கிறோம்: இவற்றில் பலவும் ஒப்பந்த வேலைகள், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். கல்லூரி விரிவுரையாளர் ஆக எம்.ஏ.வில் 55 சதவீதமும் மொழியியலில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் பொதுவாகத் தேவை, இடங்களோ குறைவு. ஆகவே 22 வயதில் நிரந்தரச் சம்பளம் கட்டாயம் என்கிற குடும்பம் பி.ஏ. முடித்ததும் டி.என்.பி.எஸ்.சி. ஒரு முறையாவது எழுத வைக்கட்டும், எம்.ஏ. ஓராண்டு தள்ளிப்போனால் குடி முழுகாது.

வீட்டில் ஒரு பழக்கத்தை மட்டும் இப்போதே நிறுத்துங்கள். "படுகு பேசினா இங்கிலீஷ் வராது, காலேஜ் போறவரைக்கும் தமிழும் இங்கிலீஷும் போதும்" என்று அவளிடம் சொல்லாதீர்கள். ஒரு மொழி இன்னொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தவறான பயம். எம்.ஏ. நேர்காணலில் "உங்கள் வீட்டு மொழியில் ஒரு வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும் சொல்லுங்கள்" என்று கேட்டால் அவள் தடுமாறக் கூடாது.