டிசம்பர்ல குளிராத ஊருக்கு கம்மி செலவுல பைக் ட்ரிப், எங்க போலாம்?

கேட்டவர் பெங்களூர்ல இருக்காராம், 150 சிசி வண்டி, டிசம்பர்ல 5 நாள் லீவு, கையில 7,000 ரூபா, குளிர் ஒத்துக்காது, கடல் இருந்தா நல்லது. இத யார்கிட்ட கேட்டாலும் மொதல்ல வர்ற பதில் தனுஷ்கோடி, இல்லன்னா பாண்டி. தயவுசெஞ்சு டிசம்பர்ல அங்க போகாதீங்க, நான் போய் பட்டிருக்கேன்.

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை விடிகாலை ஓசூர் வழியா கெளம்பி சாயங்காலம் மதுரை பெரியம்மா வீடு. மறுநாள் ராமேஸ்வரம், அப்புறம் கடலோரமாவே தூத்துக்குடி, திருச்செந்தூர்னு பிளான். அந்த 17, 18ல தான் தென் மாவட்டத்துல அந்த மழை பெஞ்சுது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், சென்னையில வருஷம் பூரா பெய்யறதுல மூணுல ரெண்டு பங்கு. பெரியம்மா வண்டி சாவிய எடுத்து அரிசி டப்பாக்குள்ள போட்டுட்டு "ஊரே மெதக்குது, ஒனக்கு என்னடா கடலு வேண்டிக் கெடக்கு"ன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் டிவி பார்த்து, இட்லி தின்னுட்டு திரும்பி வந்தேன். அதே மாசம் ஆரம்பத்துல சென்னைக்கு மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் 30 பாண்டி பக்கம் ஃபெஞ்சல். வடகிழக்கு பருவமழைன்னு ஸ்கூல்ல படிச்சதெல்லாம் வண்டி ஓட்டும்போது தான் புரியுது. கிழக்கு கரைக்கு ஜனவரி பொங்கலுக்கு அப்புறம் போங்க, தனுஷ்கோடி அப்போ அருமையா இருக்கும்.

டிசம்பருக்கு மேற்கு தான். கர்நாடக கடற்கரை, மங்களூர்ல இருந்து கோகர்ணா வரைக்கும். டிசம்பர் ஜனவரியில நாட்டுலயே அன்னிக்கு அதிக வெயில் எங்கன்னு வானிலை ஆபீஸ் லிஸ்ட் போடும்போது மங்களூர், ஹொன்னாவர், கார்வார்னு இந்த ஊர் பேரு தான் திரும்பத் திரும்ப வரும், 35 டிகிரி எல்லாம் சர்வசாதாரணம். காரணம் காத்து. அந்த சீசன்ல காத்து கிழக்குல இருந்து அடிக்குது, ஈரத்தையெல்லாம் நம்ம பக்கமே கொட்டிட்டு காஞ்ச காத்தா மேற்கு தொடர்ச்சி மலைய தாண்டி சரசரன்னு கீழ எறங்குது, எறங்கும்போது அழுந்தி சூடாவுது, சைக்கிளுக்கு காத்து அடிக்கும்போது பம்பு அடியில சுடும்ல அது மாதிரி. இந்த காத்து எதிர்த்து தள்ளறதால கடல்காத்தும் மதியத்துக்கு மேல தான் உள்ள வருது.

இதுல ஒரு விஷயம், டிசம்பர் மொத வாரத்த விட்ருங்க. ஃபெஞ்சல் கரைய கடந்த அப்புறம் மிச்சமீதி அப்படியே பெங்களூர தாண்டி மங்களூர் வரைக்கும் போய் மழைய ஊத்துச்சு. 24ம் தேதிக்கு மேலயும் வேணாம், கோகர்ணால ரூம் வாடகை நியூ இயர் வரைக்கும் கண்ணு மண்ணு தெரியாம ஏறும். நான் 2024ல 18ம் தேதி கெளம்பி 22 வந்து சேர்ந்தேன், நானும் ஆபீஸ் நண்பர் ஒருத்தரும், ஆளுக்கொரு வண்டி, ரூம் மட்டும் ஷேர்.

போற வழி நெலமங்களா, குனிகல், ஹாசன், சக்லேஷ்பூர், ஷிராடி காட் (மலைப்பாதை), மங்களூர், 350 கிலோமீட்டர் சொச்சம். மைசூர், மடிக்கேரி வழியாவும் போலாம், ஆனா மைசூர் எக்ஸ்பிரஸ்வேல 2023 ஆகஸ்ட்ல இருந்து பைக்க விடறதில்ல, சர்வீஸ் ரோட்லயே உருட்டிட்டு போகணும், வெறுத்துரும். ஹாசன் ரூட்ல டோல்கேட்ல பைக்குக்கு காசு கெடையாது, ஓரமா இருக்கற சந்துல பூந்து போயிரலாம்.

குளிர் ஒத்துக்காதுன்னு சொன்னீங்கல்ல, அது இங்க தான் கவனிக்கணும். கடற்கரை சூடு தான், ஆனா அங்க போய் சேர்ற வரைக்கும் குளிர் தான். அஞ்சு மணிக்கு கெளம்பினா ஹாசன் தாண்டுற வரைக்கும் பல்லு டைப் அடிக்கும், சக்லேஷ்பூர்ல பனிமூட்டம் வேற. என் ஜாக்கெட் வலை ஜாக்கெட், வெயிலுக்கு வாங்கினது, காத்து எலும்பு வரைக்கும் போச்சு, ஒரு டீக்கடையில பழைய பேப்பர் வாங்கி நெஞ்சுல நாலா மடிச்சு வச்சு ஜிப் போட்டேன், நெசமாவே கேக்குது. கெளம்பறதே ஏழு மணிக்கு கெளம்புங்க, ஒண்ணும் குடி முழுகாது. நான் போனப்ப ஷிராடி காட்ல ரோடு வேலை, தூசி, மங்களூர்ல இருந்து மேல ஏறி வர்ற கேஸ் டேங்கர் வரிசை, ஓவர்டேக் பண்ண அவசரப்படாதீங்க. குண்ட்யா வந்து உப்பினங்கடி பக்கம் எறங்குறப்ப ஒரு அடுப்பு கதவ தொறந்த மாதிரி மூஞ்சில வெயில் அடிக்கும் பாருங்க, காலையில பேப்பர் சொருகுன ஆளு மதியம் இளநி கடையில சட்டைய கழட்டி பிழிஞ்சுட்டு இருந்தேன்.

மொத நைட் உடுப்பி, மங்களூர்ல இருந்து இன்னும் 60 கிலோமீட்டர் கிட்ட. கிருஷ்ணர் கோயில்ல சாப்பாடு இலவசம், கூட்டமா இருக்கும் ஆனா சட்டுனு நகரும். காலையில பன்ஸ் சாப்பிடுங்க, பேர பார்த்து பேக்கரி பன்னுன்னு நெனச்சுராதீங்க, வாழைப்பழம் போட்டு பெசஞ்ச பூரி மாதிரி, லேசா இனிக்கும்.

ரெண்டாவது நாள் தான் இந்த ட்ரிப்போட உசுரு. என்எச் 66ல வடக்கே ஏறணும், குந்தாபுரா தாண்டினா மரவந்தே, எடது பக்கம் அரபிக்கடல், வலது பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவுல ரோடு மட்டும். நான் அந்த துண்ட ரெண்டு தடவ திரும்பிப் போய் ஓட்டினேன், பெட்ரோல் போனா போகட்டும்னு. அப்புறம் முருடேஸ்வர், 123 அடி சிவன், எனக்கு அவ்வளவா ஒட்டல, சிமெண்டு பெருசா இருக்குங்கறத தவிர, ஆனா 20 மாடி கோபுரத்துல லிஃப்ட்ல ஏறி பார்த்தா கடல் தெரியறது நல்லா இருக்கு. கடல்ல எறங்கறவங்க பாத்து எறங்குங்க, அலை பாக்க சாதுவா இருக்கும், இழுப்பு ஜாஸ்தி. மதியம் ரோட்டோர மீன் சாப்பாட்டுக் கடை, பங்குடேன்னா நம்ம அயிலை, அஞ்சல்னா வஞ்சிரம், கானேன்னா கெழங்கான், கானே ரவா ஃப்ரை மட்டும் வெலை கேட்டுட்டு சொல்லுங்க.

கோகர்ணாலயே தங்கணும்னு இல்ல. நாங்க கும்டாவுல பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ்ல நைட்டுக்கு 800 ரூபான்னு ரெண்டு நைட் தங்கினோம், ஃபேன் சத்தம் போடும், மத்தபடி சுத்தம். அங்கிருந்து கோகர்ணாவுக்கு ஹைவேல சுத்தாம அகநாசினி ஊருக்குப் போனா ஆத்துல படகுல பைக்க ஏத்தி அந்தப் பக்கம் தடடியில எறக்கி விடறாங்க. பலகைல வண்டிய தள்ளி ஏத்தறப்ப மட்டும் வயிறு கலங்கும். ஓம் பீச், குட்லே பீச் ரெண்டுலயும் பகல்ல கால் வைக்க முடியாத அளவுக்கு மணல் சுட்டுது, டிசம்பர்ல! உங்களுக்கு இது தானே வேணும்.

திரும்பறப்ப ஹொன்னாவர்ல இருந்து சராவதி ஓரமா கெர்சொப்பா வழியா ஜோக் அருவிக்கு ஏறி, சாகர்ல ஒரு நைட், மறுநாள் ஷிமோகா வழியா வீடு. ஜோக் 253 மீட்டர், ஆனா டிசம்பர்ல வெள்ளக் கயிறு தொங்கற மாதிரி தான் தண்ணி இருக்கும், அதுக்காக போகாதீங்க, அந்த காட்டு ரோட்டுக்காக போங்க. இருட்டறதுக்குள்ள மேல ஏறிருங்க, அப்புறம் மறுபடி ஸ்வெட்டர்.

செலவு: மொத்தம் 1,140 கிலோமீட்டர், என் பழைய யூனிகார்ன் வண்டி லிட்டருக்கு 48 கொடுத்துச்சு, பெட்ரோல் 2,450 பக்கம். நாலு நைட் ரூம் சேத்து 3,200, என் பங்கு 1,600. சாப்பாடு, டீ, இளநி 1,750. படகு, லிஃப்ட், பார்க்கிங், ஒரு பஞ்சர் எல்லாம் சேத்து 300க்குள்ள. 6,100. தனியா போனா ரூம் வாடகை முழுசா உங்க தலையில விழும், 7,000 கொஞ்சம் தாண்டிரும், அப்போ கும்டா ஒரு நைட்ட கொறைச்சுக்கோங்க. கோவாவையும் விசாரிச்சேன், அந்த வாரத்துல ரூம் வாடகையே என் மொத்த பட்ஜெட்ட முழுங்கிரும் போல இருந்துச்சு, விட்டுட்டேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி ஆயில் மாத்திருங்க, ஒரு கிளட்ச் கேபிள் ஸ்பேர், செயின் ஸ்ப்ரே ஒண்ணு. வந்த அன்னிக்கே வண்டிய நல்ல தண்ணியில கழுவிருங்க, உப்புக்காத்து. நான் ஞாயித்துக்கிழமை வந்து அசதியில அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்னு விட்டேன், சைலன்சர் வளைவுல இன்னும் அந்த துரு இருக்கு.