கொழும்பில் ரோசா வளர்க்க: பூவுக்கு முன் இலையைப் பாருங்கள்

கேள்வி: நுவரெலியா போய் வரும்போது வாங்கிய ரோசாக் கன்று, வெள்ளவத்தை வீட்டில் இரண்டு மாதத்துக்குள் இலை முழுக்கக் கொட்டிப் பட்டுப்போனது. கொழும்பில் ரோசா வளருமா? வளருமென்றால் எந்த இனம், எப்படிப் பராமரிப்பது?

வளரும். வருடம் முழுக்கப் பூக்கவும் செய்யும். நானும் வெள்ளவத்தையில்தான், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் இருக்கிறேன். முன்வளவில் சில செடிகள் நிலத்தில் நிற்கின்றன, மொட்டைமாடியில் சில சாடிகளில் இருக்கின்றன. சாமிக்கு வைக்கிற பூவுக்குக் கடைக்குப் போவது எங்கள் வீட்டில் குறைவு. உங்கள் கன்று பட்டதற்குக் கைராசியைக் குறை சொல்லாதீர்கள்.

நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1861இல் சிங்கோனா என்ற மருந்து மரம் பயிரிடத் தொடங்கப்பட்ட, அங்கே கிட்ட இருக்கும் ஹக்கல தோட்டம் இன்றைக்கு ரோசாவுக்குப் பேர்போனதாக இருப்பதற்கு அந்த மலைக்குளிர்தான் காரணம். கொழும்பிலோ இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. செடி பகலில் இலையால் செய்து சேர்க்கும் சர்க்கரையில் ஒரு பங்கை இரவில் சுவாசத்துக்குச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு கூடும். மலையில் மிச்சம் பிடித்துத் தடித்த தண்டும் கையகலப் பூவும் தந்த செடிக்கு இங்கே மிச்சம் பிடிக்க வழியில்லை. மெல்ல மெலிகிறது, மெலிந்ததும் நோய் ஏறுகிறது.

வெயில்தான் கொன்றது என்று பலரும் சொல்வார்கள். வேரில் ஈரம் இருந்தால் ரோசா வெயிலைத் தாங்கும். கொழும்பில் அதை அழிப்பது இரவு முழுக்கக் காயாமல் இருக்கும் இலை. கரும்புள்ளி நோயை உண்டாக்கும் டிப்ளோகார்ப்பன் ரோசே என்ற பங்கசின் (பூஞ்சையின்) வித்திகள் இலைக்குள் இறங்க, இலை தொடர்ந்து ஏழு மணித்தியாலம் அளவில் நனைந்திருந்தால் போதும். வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊர் இது. அதிலும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு மழை கொட்டிவிட்டு, இரவில் காற்று அசையாமல் நிற்கும். விடியும்வரை இலையில் நீர் அப்படியே இருக்கும். பங்கசுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால்தான் இனத்தைத் தேர்வு செய்யும்போது முதலில் இலையைப் பார்க்கச் சொல்கிறேன். கன்று விற்கும் இடத்தில் பூ எப்போதும் அழகாகத்தான் இருக்கும். குனிந்து அடி இலைகளைப் பாருங்கள். அடிவரை இலை இருக்கிறதா? இலை மினுமினுப்பாக, சற்றுத் தடிப்பாக இருக்கிறதா? நுனியில் மட்டும் நாலு இலையும் பூவும், கீழே மொட்டைத் தண்டுமாக நின்றால் அந்தச் செடி ஏற்கனவே ஒருமுறை இலை கொட்டியிருக்கிறது. பத்தரமுல்ல தியத உயனவில் கன்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போவதென்றால் நல்ல மழை பெய்து ஓரிரு கிழமை கழித்துப் போங்கள். எந்தச் செடி மழையைத் தாங்கியிருக்கிறது என்று அப்போது கண்ணாலேயே தெரியும். எங்கே வளர்த்த கன்று என்றும் கேளுங்கள். மலைநாட்டில் இருந்து லொறியில் வந்து இறங்கிய கன்று என்றால் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இனப் பெயர் என்று பார்த்தால், இங்கே கன்றில் பெயர் எழுதி விற்பவர்கள் குறைவு. நிறம்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் வகையைத் தெரிந்து வைத்திருந்தால் உதவும். பூக்கடையில் நீண்ட காம்பில் ஒற்றைப் பூவாக நிற்பது ஹைபிரிட் டீ வகை. இந்த வகையின் முதல் ரோசா என்று வழக்கமாகச் சொல்லப்படும் லா பிரான்ஸ் 1867இல் வந்தது. பேர்பெற்ற பீஸ் ரோசா 1945இல் வெளியானது. பார்க்க அழகு, வளர்க்கக் கடினம். ஐம்பது அறுபது இதழ் உள்ள பூ எங்கள் மழையில் விரியாமல் மொட்டிலேயே பழுத்து அழுகும். இருபது முப்பது இதழுக்கு மேல் போகாத பூவாகப் பாருங்கள். ஒரே காம்பில் கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டா வகை இங்கே எவ்வளவோ நல்லது. அதில் 1958இல் வந்த ஐஸ்பேர்க் என்ற வெள்ளை ரோசா சூட்டுக்குப் பேர்போனது. ஆனால் கரும்புள்ளி அதற்கு வரும், மழை மாதங்களில் கவனிக்க வேண்டும். சின்னப் பூப் பூக்கும் பட்டன் ரோசாவும் பல்கனிக்குப் பொருத்தம்.

என் விருப்பத்தைக் கேட்டால், சீன ரோசா, டீ ரோசா (ஹைபிரிட் டீ வேறு) என்ற பழைய வகைகளைத்தான் சொல்வேன். ஐரோப்பாவின் பழைய ரோசாக்களில் பெரும்பாலானவை வருடத்தில் ஒரு தடவைதான் பூத்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவில் இருந்து ஓல்ட் பிளஷ் போன்ற செடிகள் அங்கே போய்ச் சேர்ந்து, அவற்றோடு கலந்த பிறகுதான் திரும்பத் திரும்பப் பூக்கும் இன்றைய ரோசாக்கள் உருவாயின. அந்த மூதாதைகள் குளிர்காலத் தூக்கம் வேண்டாத, சூட்டு நாட்டுச் செடிகள். எங்கள் காலநிலை அவற்றுக்கு அந்நியம் இல்லை. பூ சிறியது, காம்பு மெல்லியது, பூ சற்றுத் தலை குனிந்து நிற்கும், இரண்டு மூன்று நாளில் இதழ் கொட்டிவிடும். ஆனாலும் செடி சளைக்காமல் அடுத்த மொட்டை வைக்கும். சூட்டு நாட்டுக்கென்று ரோசா உருவாக்கும் வேலையைக் கொடைக்கானலில் இருந்து வீரராகவன் தம்பதியர் பல பத்தாண்டுகளாகச் செய்திருக்கிறார்கள். வங்காளம் போன்ற சூடான ஈர நிலத்தில் காடாக வளரும் ரோசா கிளினோபில்லாவை அவர்கள் கலப்புக்குப் பயன்படுத்தினார்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரில் ஒரு ரோசாவும் தந்திருக்கிறார்கள். நம் பக்கத்து நாட்டில் நடந்த இந்த வேலை இங்கே அதிகம் பேசப்படாதது எனக்கு மனவருத்தம்.

பன்னீர் ரோசா வேண்டும் என்று பலர் தேடுவார்கள். வாசனைக்கு அதற்கு நிகர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெயரில் விற்பது எல்லாம் ஒரே இனம் இல்லை. பூ இருக்கும்போது காலையில் போய் மணந்து பார்த்து வாங்குங்கள். வெயில் ஏறினால் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் ஒழுங்கையிலேயே மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற, யாரும் பெரிதாகக் கவனிக்காத, வருடக்கணக்காக நிற்கிற ரோசா ஒன்று இருக்கும். இளஞ்சிவப்போ கடும் சிவப்போ, சின்னப் பூவாக இருக்கும். கதவைத் தட்டி ஒரு தடி கேளுங்கள். எனது மிக நல்ல செடி அப்படி ஒரு சிங்கள அன்ரி வெட்டித் தந்த தடியில் இருந்து வந்ததுதான். கடல் உப்புக் காற்று, சீமெந்துத் தூசி, இரண்டு பருவ மழை எல்லாவற்றையும் தாண்டி நிற்கும் செடிக்கு வேறு சான்றிதழ் வேண்டாம்.

இடம் பற்றிச் சொன்னால், குறைந்தது ஐந்து மணித்தியால நேர் வெயில் வேண்டும், அது காலை வெயிலாக இருந்தால் நல்லது. இரவு ஈரத்தைச் சீக்கிரம் காயவைப்பது கிழக்கு வெயில்தான். வெள்ளவத்தையில் பக்கத்தில் ஒரு தொடர்மாடி எழும்பினாலே வெயில் போய்விடும், அதனால் கன்று வாங்க முன்னர் ஒரு நாள் முழுக்க வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து வையுங்கள். செடிகளுக்கு இடையே மூன்று அடி விடுங்கள், காற்று உள்ளே புகவேண்டும். கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள், தென்மேல் காற்று பலமாக வீசி மழை இல்லாமல் போன நாளுக்கு மறுநாள் காலை இலையை நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள். உப்பு படிந்தால் இலை ஓரம் கருகும்.

மண் விடயத்தில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் மணல், நுகேகொட, மகரகமப் பக்கம் செம்மண். மணலில் எரு நிற்காது, செம்மண்ணில் தண்ணீர் நிற்கும். இரண்டுக்குமே கூட்டெருதான் மருந்து. ரோசா விரும்புவது லேசான அமிலத் தன்மை, 6 முதல் 6.5 வரையான பீ.எச். வீடு கட்டியபோது கொட்டிய சீமெந்துக் கழிவு மதிலோரம் புதைந்திருந்தால் மண் காரமாகி, இளம் இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் தெரியும். எரு போட்டு அது சரியாகாது, அந்த மண்ணைத் தோண்டி மாற்றவேண்டும். கொலன்னாவ, வெல்லம்பிட்டி போன்ற தாழ்ந்த பகுதிகளில் இருப்பவர்கள் நிலத்தில் வைப்பதை மறந்துவிட்டு சாடிக்குப் போங்கள். வேர் தண்ணீரில் நின்றால் செடி தப்பாது.

சாடி என்றால் வாய் 14 அங்குலத்துக்குக் குறையாமல், மண் சாடியாக இருந்தால் நல்லது. மேல்மண், கூட்டெரு, கழுவிய தும்புத்தூள் மூன்றையும் கலந்து, ஒரு பிடி எலும்புத்தூளும் வேப்பம் பிண்ணாக்கும் சேருங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கும், நிறம் தெளியும்வரை ஊறவைத்துப் பிழிய வேண்டும். சாடியின் கீழே தட்டு வைக்காதீர்கள். வேருக்கும் கூடாது, டெங்கு நுளம்புக்கும் அதுவே வீடு. கொழும்பில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து முதலில் பார்ப்பதே பூச்சாடித் தட்டைத்தான். இரண்டு செங்கல்லின் மேல் சாடியைத் தூக்கி வைத்தால் போதும்.

தண்ணீர் காலையில், வேரில். பின்னேரம் இலையில் ஊற்றுவது கரும்புள்ளியைக் கூப்பிடுவதுதான். விழுந்த இலைகளை ஒவ்வொரு நாளும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், கூட்டெருக் குழியில் வேண்டாம். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறித்துத்தான் வித்திகள் அடி இலைக்கு ஏறுகின்றன, ஆகவே செடியைச் சுற்றி வேறு மரங்களின் காய்ந்த இலையோ தென்னந்தும்போ பரப்பிவிடுங்கள். தாங்காத செடியைக் காப்பாற்றப் பங்கசு நாசினி அடிக்கலாம்தான், ஆனால் அது மழைக்கு முன்னரே இலையில் இருந்தால்தான் பயன். புள்ளி விழுந்த இலை திரும்பப் பச்சையாகாது. ஒவ்வொரு கிழமையும் மருந்து கேட்கிற செடியைக் கொழும்பில் வைத்திருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதை எடுத்துவிட்டு வேறொன்று வையுங்கள். சாமிக்கும் பிள்ளைகளின் தலைக்கும் போகிற பூவில் நஞ்சு எதற்கு?

பெப்ரவரி வறட்சியில் வேறு தொல்லை. கூரை உள்ள பல்கனியில் இலை பழுப்பாகி அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிவப்புச் சிற்றுண்ணி. காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாக அடித்தால் குறையும். வெயில் வர முன்னர் அடித்தால் உடனே காய்ந்துவிடும், கரும்புள்ளிக்கு இடம் கொடுக்காது. மொட்டு ஓரம் கருகி விரியாமல் நின்றால் அது இலைப்பேன். அந்த மொட்டுகளைக் கிள்ளி எறியுங்கள்.

எரு கொஞ்சமாகவும் அடிக்கடியும் கொடுங்கள். எங்கள் மழை சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும், ஒரேயடியாகக் கொட்டி என்ன பயன். பூத்து முடிந்த ஒவ்வொரு தடவையும் இரண்டு பிடி கூட்டெரு, இடையில் நீர்த்த அல்பேட் கரைசல் (தண்ணீரில் கரைக்கும் உரம்). முட்டைக்கோது உக்க நெடுங்காலம் எடுக்கும், அதை நம்பி இருக்க வேண்டாம். சீனி போட்ட தேயிலைச் சக்கை எறும்பைத்தான் கொண்டுவரும்.

கவ்வாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இணையத்தில் பார்த்துவிட்டு முழங்கால் அளவுக்கு வெட்டுகிறார்கள். அது உறைபனி நாட்டு முறை. அங்கே செடி தூங்கி எழும்பும், இங்கே தூக்கமே இல்லை. தண்டில்தான் சேமிப்பு இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருபோதும் வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் வெட்டினால் வெட்டுவாயில் இருந்து தண்டு கருகிக்கொண்டே கீழே இறங்கும். டிசம்பர் நடுப்பகுதியில் மழை விட்ட ஒரு நாள், பிறகு ஜூலைத் தொடக்கம் என்று வருடத்தில் இரண்டு தடவை போதும். வெட்டியதில் இருந்து ஆறு ஏழு கிழமையில் பூ வரும். அப்படியானால் முதல் பூ ஜனவரிக் கடைசி, பெப்ரவரியிலும் அடுத்தது ஓகஸ்டிலும் விரியும். கொழும்பில் மழை குறைந்த மாதங்களும் அவைதான். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்குக் கீழே இருந்து வரும் தளிரை அடியோடு பிய்த்துவிடுங்கள். விட்டால் ஒட்டுக்கட்டைதான் (ரோசாவை ஒட்டிய அடிச்செடி) வளரும், ரோசா காணாமல் போகும்.

கடைசியாக, அந்தத் தடி. பூத்து முடிந்த தண்டில், பென்சில் பருமனில், நாலு கணு உள்ளதாக ஆறு அங்குலம் வெட்டுங்கள். மேலே இரண்டு இலையை விட்டு மற்றதைக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மணலும் தும்புத்தூளும் கலந்ததில் நட்டு, நிழலில் வையுங்கள். ஒன்று பிழைக்க நாலு நடுங்கள். ஆறு கிழமை வரை பிடுங்கிப் பார்க்கக் கூடாது. துளிர் வந்தாலும் வேர் வந்திருக்க வேண்டும் என்றில்லை. மெல்ல இழுத்தால் பிடித்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாடிக்கு மாற்றவேண்டும். சாடிக்கு மாறியதும் வரும் முதல் மொட்டுகளை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். இரண்டாவது துளிர் தடித்து வந்த பிறகு பூக்க விடலாம்.