அனிமேஷன் ஸ்டுடியோவில் கலரிங் வேலை கிடைத்திருக்கிறது. "கலர் அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார் அப்பா. போகலாமா?

தாராளமாகப் போங்கள். எந்த ஊர், என்ன சம்பளம் என்று நீங்கள் எழுதவில்லை. வெளிநாட்டுத் தொடர்களை அவுட்சோர்சிங்கில் எடுத்துச் செய்யும் இடமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். சென்னையில் அப்படி ஒரு இடத்தில் இங்க் அண்ட் பெயிண்ட் பிரிவில், அதாவது உருவங்களுக்குக் கோடும் நிறமும் போடும் பிரிவில், பல வருடம் இருந்தவள் நான். உங்கள் அப்பா கேட்டதை என் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை, வேலை நிலைத்தது.

அப்பாவிடம், ஜப்பானிய அனிமேஷன் படங்களுக்கு நிறம் அமைத்த மிச்சியோ யசுதா என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்லுங்கள். 1939-ல் டோக்கியோவில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு, 1958-ல், டோயெய் டோகா ஸ்டுடியோவில் சேர்ந்தார். அனிமேட்டர் தாளில் வரைந்த கோட்டை செல் ஷீட்டில், அதாவது கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாளில், நகலெடுக்கும் பிரிவு. அங்கே தொழிற்சங்க வேலைகளில்தான், பின்னாளில் பெரிய இயக்குநர்களான இசாவோ தகஹதாவும் ஹயாவோ மியாசாகியும் அவருக்குப் பழக்கமானார்கள். பிற்பாடு அந்த இருவரின் படங்களில் எந்தப் பாத்திரத்துக்கு என்ன நிறம், எந்த வெளிச்சத்தில் அது எப்படி மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. 1984-ல் 'நௌசிகா', அப்புறம் ஜிப்லி ஸ்டுடியோவின் படங்கள், 2008-ல் 'போன்யோ'. அதோடு ஓய்வு என்றவர் மியாசாகிக்காக மறுபடி வந்து 2013-ல் 'தி விண்ட் ரைசஸ்' படத்தையும் முடித்துக் கொடுத்தார். 2016 அக்டோபரில், 77 வயதில், காலமானார்.

"இயக்குநர் சொல்வதைத்தானே பூசினார்" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். இயக்குநர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1988 ஏப்ரல் 16 அன்று 'மை நெய்பர் டோட்டோரோ', 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' இரண்டும் ஒரே நாளில் வெளியாயின. இயக்குநர்கள் வேறு வேறு, நிறத்துக்குப் பொறுப்பு யசுதா ஒருவர்தான். ஒன்றில் கோடைகாலக் கிராமத்துப் பச்சை, இன்னொன்றில் குண்டு விழுந்து எரிந்த கோபே நகரம். இரண்டாவது படத்தில் உருவங்களின் வெளிக்கோடு பெரும்பாலும் கருப்பு அல்ல, பழுப்பு. படம் கண்ணுக்கு மென்மையாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்தார்கள். கேட்க எளிதாக இருக்கும், செய்வது கடினம். கருப்புக் கோடு என்றால் பக்கத்துப் பக்கத்து நிறங்களைப் பட்டென்று பிரித்துக் காட்டிவிடும், பழுப்புக்கு அந்த வலு கிடையாது. சட்டைக்கும் கைக்கும் நிறம் கொஞ்சம் நெருங்கினாலும் இரண்டும் ஒட்டிப்போகும். அந்தப் படத்தில் சில காட்சித் துண்டுகள் வண்ணம் பூச நேரமில்லாமல் வெறும் கோடாகவே தியேட்டருக்குப் போயின, பிறகுதான் பூசிச் சேர்த்தார்கள். வண்ணம் கடைசியில் ஒட்டவைக்கிற அலங்காரம் என்பவர்கள் அந்தத் துண்டுகளைப் பார்க்க வேண்டும்.

செல் காலத்து வேலை இன்னும் கடினம். பெயிண்டை ஷீட்டின் பின்பக்கம் பூசுவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஷீட்டை அடுக்கிப் படம்பிடிக்கும்போது கீழே இருப்பதன் நிறம் கொஞ்சம் மங்கும். அதனால் ஒரே சட்டைக்கு, அது எத்தனையாவது அடுக்கில் வருகிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு பெயிண்ட் சொல்ல வேண்டும். 'பிரின்சஸ் மோனோநோக்கே'யில் (1997) ஒரு பகுதியைக் கம்ப்யூட்டரில் பூசினார்கள். அடுத்த படத்திலிருந்து முழுக்க டிஜிட்டல். அறுபதைத் தொடும் வயதில் அந்த மாற்றத்துக்குள் வந்தவர், 2003-ல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்பிரிட்டட் அவே'க்கும் நிறம் அமைத்தார்.

இனி என் கதை. எங்கள் பிரிவில் ஒரு சீனியர் அக்கா இருந்தார். ஒரு தொடரில் அந்தி நேரக் காட்சி வந்தது. எந்தப் பாத்திரத்துக்கு என்ன நிறம் என்று காட்டக் கிளையண்ட் அனுப்பிய மாடல் ஷீட்டில் பகல் நிறங்கள் மட்டும்தான். மெயில் போட்டுப் பதில் வர இரண்டு நாளாகும். புரொடக்‌ஷன் பொறுப்பாளர், "பகல் கலரையே அடிச்சு அனுப்பிடுங்க, யார் பார்க்கப் போறா?" என்றார். அக்கா மாட்டேன் என்றார். பேக்கிரவுண்டைத் திரையில் திறந்துவைத்து, அந்த வானத்தின் கீழே பையனுடைய வெள்ளைச் சட்டை எப்படித் தெரியும் என்று பார்த்துப் பார்த்து நிறம் எடுத்தார். கம்ப்யூட்டரில் அந்த நிறத்தின் எண்களைப் பார்த்தால் அது வெள்ளையே கிடையாது, சாம்பல் ஓடிய ஊதா. காட்சியில் வைத்ததும் வெள்ளைச் சட்டையாகவே தெரிந்தது. "பாரு, முகத்தை இன்னும் சிவப்பாக்கக் கூடாது, பையனுக்கு ஜுரம்னு ஆயிடும்" என்றார். கிளையண்ட் அதை ஏற்றுக்கொண்டு, மீதி எபிசோடுகளுக்கும் அந்த ஷீட்டையே அந்தி நிறமாக வைக்கச் சொன்னது.

டைட்டிலில் அக்கா பெயர் வரவில்லை, கம்பெனி பெயர் மட்டும் ஓடியது. யசுதாவின் பெயரை ஜப்பானியப் படங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆற்றாமை வரும். உங்களுக்கும் இது நடக்கும், தெரிந்துகொண்டே போங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊர் கல்யாண ஆல்பங்களில் மாநிறப் பெண்ணை மாவு பூசியதுபோல் வெளுக்கவைக்கிறார்களே, அதைச் செய்பவருக்கும் நிறம் தெரியும், மென்பொருள் தெரியும். என் தங்கை கல்யாணத்தில் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் கேக்கிறாங்க மேடம்" என்றார். அரக்குப் பட்டு ரோஸ் ஆகிவிட்டது, அவள் முகத்தில் அவள் இல்லை. பணம் கொடுத்து வாங்கியதால் கோபம் என்று நினைக்காதீர்கள். பணம் கொடுத்தது மாப்பிள்ளை வீடு.

சேரும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரே உருவத்தை உச்சி வெயில், அந்தி, நிலா, குண்டு பல்பு என்று நான்கு வெளிச்சத்தில் நிறம் போட்டுவையுங்கள். முதல் நாளே அதை உங்கள் லீடிடம் காட்டுங்கள். அப்பாவிடமும் காட்டலாம்.