சராசரி மதிப்பெண் போதாது, விடைகளைப் பாருங்கள்

வணக்கம் டீச்சர். மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கில் ஒன்றியம் முழுக்கவே சராசரி குறைவு, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) தரவை வைத்து என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் சராசரியை ஓரமாக வையுங்கள். 2022-இல் தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை மொழி, கணக்குத் திறனுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக்கொள்கிறோம், சரி. ஆனால் ஒரே நிலையில் இருக்கும் பிள்ளைகள் ஒரே காரணத்தால் தவறுவதில்லை.

52-27 கேட்டால் பலர் 35 என்று எழுதுவார்கள். சிலர் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருப்பார்கள். சிலர் சரியாகக் கடன் வாங்கிவிட்டு, பத்துகள் இடத்தில் 5-ஐ 4 ஆக்க மறந்திருப்பார்கள். விடை ஒன்றுதான், சிக்கல் வேறு வேறு! 52-27-க்குப் பதிலாக 54-28 கொடுத்துப் பாருங்கள். முதல் வகைக்கு 34 வரும், இரண்டாம் வகைக்கு 36.

34 எழுதிய பிள்ளைகளுக்குக் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். 36 எழுதியவர்களுக்குக் கடன் வாங்கியதும் 5-ஐ அடித்து 4 என்று எழுதும் பழக்கம் வந்தாலே போதும்.

அப்புறம், குறுவள மையக் கூட்டத்துக்கு (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) மதிப்பெண் பட்டியலைவிடப் பிள்ளைகளின் நோட்டையே எடுத்துப் போங்கள். எந்தப் பள்ளி பின்தங்கியது என்ற பேச்சை மட்டும் அங்கே தொடங்கவே விடாதீர்கள். ஆசிரியர்கள் உண்மையான தரவைப் பதிவதையே நிறுத்திவிடுவார்கள்.