நர்மதைக் கரையில் கிடைத்த பல்: குதிரையா, மாடா?

நர்மதாபுரம் பக்கம் சரளைத் திட்டில் பொறுக்கிய கறுப்புக் கடைவாய்ப் பல் குதிரையுடையதா என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்தால் மாட்டினம் என்றே எனக்குப் படுகிறது. அரைக்கும் பரப்பில் எனாமல் பிறை பிறையாகத் தெரிகிறது. உட்பக்கம் இரண்டு மடல்களுக்கும் நடுவே ஒட்டி நிற்கும் சின்னத் தூணைப் பாருங்கள், எனக்குத் துப்பு அதுதான். குதிரையின் மேல்தாடைப் பல் கிட்டத்தட்டச் சதுரம், எனாமல் கசங்கிய துணிபோல மடிந்திருக்கும்.

சரி, பழசா? கறுப்பை நம்பாதீர்கள். மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் அண்மைக்கால எலும்பையும் கறுப்பாக்கும், ஆற்றில் மாட்டெலும்புக்கும் பஞ்சமில்லை. ஊசியைப் பழுக்கக் காய்ச்சி வேர்ப்பக்கம் ஓரமாக வையுங்கள். மயிர் கருகும் வாடை அடித்தால் புதுசு. வாடையே இல்லாமல் கல்போலக் கனத்தால், அழிந்துபோன காட்டுமாடு போஸ் நமாடிகஸாக இருக்க வாய்ப்புண்டு. நர்மதைப் படிவுகளில் அது கிடைப்பதுதான்.

அப்புறம், எடுத்த இடத்தைக் குறித்து வையுங்கள். கரைச் சுவரில் எலும்பு நீட்டிக்கொண்டிருந்தால் தோண்டாமல் படமெடுத்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு அனுப்புங்கள். 1982-இல் இதே நர்மதைக் கரையிலுள்ள ஹத்னோரா என்ற ஊரில் ஆதி மனித மண்டையோட்டைக் கண்டெடுத்த அருண் சொனாகியா அந்தத் துறைக்காரர்தான்.