நீலமாகத் தெரியும் வாயுக்கோளில் கடல் இருக்குமா?
எச்டி 189733 பி என்ற கோள் பூமி மாதிரி நீலமாக இருக்கிறதாமே, அங்கே தண்ணீர் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீலம் உண்மைதான், 2013-இல் ஹபிள் தொலைநோக்கி மூலம் அளந்தே சொன்னார்கள். கடல் மட்டும் கிடையாது. காலூன்றத் தரையே இல்லாத, வியாழனைவிடச் சற்றுப் பெரிய வாயுக்கோள் அது. சுமார் 64 ஒளியாண்டு தொலைவு.

தன் நட்சத்திரத்தை ஒட்டியே சுற்றுகிறது. திங்கள் காலை கிளம்பினால் புதன் மதியத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அங்கே அதுதான் ஒரு வருஷம்! வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் எப்படித் தேங்கும்?

சரி, நீலம் எங்கிருந்து? வளிமண்டலத்தில் மிதக்கும் சிலிக்கேட் துகள்கள், அதாவது கண்ணாடி செய்கிற மணல் வகையறா, நீல ஒளியைச் சிதறடிப்பதாகக் கருதுகிறார்கள். காற்றோ மணிக்கு 8,000 கி.மீ.க்கு மேல். மழை பெய்தால் கண்ணாடித்தூள் பக்கவாட்டில் பறக்கும் என்கிறார்களே, அது இதனால்தான்.