விட்டு விட்டு நிற்கும் பழைய ஆர்க்கேட் இயந்திரம்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: குடியாத்தத்தில் சிறிய பேக்கரி நடத்தி வருகிறேன். மூடப்பட்ட விளையாட்டு மையங்களின் பொருட்களை வாங்கி விற்கும் சென்னை வியாபாரி ஒருவரிடம், ஆறு மாதங்களுக்கு முன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஓடும் பழைய ஆர்க்கேட் இயந்திரத்தை 55,000 ரூபாய்க்கு வாங்கினேன். 'நல்ல ஓடும் நிலையில் உள்ளது' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். ரசீது கேட்டும் தரவில்லை. கடைக்கு வரும் பிள்ளைகளிடம் ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் வாங்குகிறேன். காலையில் நன்றாக ஓடுகிறது. முக்கால் மணி நேரம் கழித்துத் திடீரென்று நின்று, முதலிலிருந்து தொடங்குகிறது. பக்கவாட்டில் தட்டினால் சில சமயம் சரியாகிறது. வாங்கிய இரண்டாம் வாரத்திலேயே விற்றவரிடம் சொன்னேன். அவர் வீடியோ காலில் பார்க்கும்போதெல்லாம் இயந்திரம் ஒழுங்காக ஓடித் தொலைக்கிறது. ஒரு மெக்கானிக் பவர் சப்ளையை மாற்றினார்; இரண்டு நாள் ஓடி, மீண்டும் அதே கதை. இன்னொருவர் மெயின் போர்டு போய்விட்டது, மாற்ற 20,000 ரூபாய் ஆகும் என்கிறார். போர்டை மாற்றுவதா, விற்றவர் மீது புகார் கொடுப்பதா?

பதில்: போர்டுக்காக இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். புகாரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கொடுக்கும் புகாருக்கு வலு இருக்காது.

உங்கள் கடிதத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. முழுதாகச் செத்துப்போன ஐ.சி. (போர்டில் இருக்கும் சில்லு) காலையிலும் வேலை செய்யாது. குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடேறியபின் நின்று, தட்டினால் பிழைத்துக்கொள்ளும் இயந்திரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை தொடர்புகள்தான்: கனெக்டர், ஐ.சி. சாக்கெட், 'ட்ரை சால்டர்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் விரிசல் விட்ட ஈயப்பற்று. போர்டும் அதில் பற்றவைத்த உலோகக் கால்களும் சூட்டில் ஒரே அளவுக்கு விரிவதில்லை என்பதால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் காலையில் ஒட்டிக்கொண்டும் வெயில் ஏறியபின் விலகியும் நிற்கும். பவர் சப்ளையை மாற்றியபின் இரண்டு நாள் ஓடியது புதிய சப்ளையால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வேலையின்போது போர்டின் கனெக்டரைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். அந்த உரசலில் கறை சற்று அகன்று, சில முறை சூடேறிக் குளிரும் வரை தொடர்பு சரியாக இருந்திருக்கலாம். விட்டு விட்டு வரும் கோளாறில் எதைத் தொட்டாலும் கொஞ்ச நேரம் குணமானது போலத் தோன்றும். நேர்மையான மெக்கானிக்கும் இதில் ஏமாறுவார்; நேர்மையற்றவருக்கோ இது நல்ல வருமானம்.

ஆட்டம் உறைந்து நிற்காமல் முதலிலிருந்து தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். இத்தகைய போர்டுகளில் ஒரு காவல் சுற்று உண்டு. பிராசசர் தடுமாறிப் பதில் தராமல் போனால் அது போர்டை மறுபடி தொடங்க வைக்கும். மின்னழுத்தம் குறைவது அந்தத் தடுமாற்றத்துக்கு மிகச் சாதாரணமான காரணம். காப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட உங்கள் ஆட்டத்தின் போர்டு 5 வோல்ட்டில் இயங்குவது. அக்காலத்து போர்டுகளில் நிறைந்திருக்கும் 74எல்.எஸ். வகை ஐ.சி.க்கள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும் என்று வரையறுக்கப்பட்டவை. கனெக்டரில் படிந்த கறையால் 0.05 ஓம் தடை ஏற்பட்டு, போர்டு 5 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: வழியிலேயே கால் வோல்ட் காணாமல் போகிறது. சப்ளையின் முனையில் மீட்டர் வைத்தவர் 5 வோல்ட் சரியாக இருக்கிறது என்பார். போர்டில் இருப்பதோ 4.75, அதாவது விளிம்பு. ஆகவே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், அதுவும் சூடேறியபின், போர்டின் மேலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் 'போர்டு போய்விட்டது' என்று சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

1980-களின் நடுவில் ஜப்பானில் வகுக்கப்பட்ட 'ஜாமா' என்னும் பொதுமுறையின்படி, உங்கள் போர்டின் விளிம்பில் ஒரு பக்கத்துக்கு 28 ஆக 56 தொடுமுனைகள் இருக்கும். இரு பக்கத்திலும் முதல் இரண்டு கிரவுண்டு, அடுத்த இரண்டு 5 வோல்ட். ஆக, மொத்த மின்சாரமும் நான்கு முனைகளின் வழியே போகிறது; அவற்றில் ஒன்று கறுத்தால் அதன் சுமை மற்ற மூன்றின் மேல் விழுந்து அவையும் சூடேறும். அந்த இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி இருக்கிறதா என்பதை மின்னணுவியல் படிக்காதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, முனைகளை மென்மையான வெள்ளை ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். உப்புத்தாள் கூடவே கூடாது. மேற்பூச்சு போய்விட்டால் கறை முன்னைவிட விரைவில் படியும். கனெக்டரின் உட்புறப் பிடிகள் தளர்ந்திருந்தால் கனெக்டரையே மாற்றிவிடுங்கள். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். போர்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

சிலர் இதற்குக் குறுக்கு வழியாக, சப்ளையில் உள்ள திருகைத் திருப்பி மின்னழுத்தத்தை ஏற்றிவிடுவார்கள். இயந்திரம் அன்றைக்கு ஓடும். பிறகு என்றோ ஒருநாள் கனெக்டரைத் துடைத்ததும், ஏற்றி வைத்த அழுத்தம் முழுவதும் போர்டின் மேல் இறங்கும். உங்கள் முதல் மெக்கானிக் அப்படி ஏதும் செய்தாரா என்று கேட்டுவிட்டுத் துடைக்கத் தொடங்குங்கள்.

அடுத்து, உங்களுடையது காப்காமின் அசல் போர்டு என்றால், அது ஒரே பலகை அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீண்ட கனெக்டர்களால் இணைத்த பலகைகள். சென்னையிலிருந்து குடியாத்தம் வரை சரக்கு வண்டியில் குலுங்கி வந்ததில் அந்த இணைப்பு தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. நிதானமாகப் பிரித்து, துடைத்து, கோணாமல் அழுத்திப் பொருத்த வேண்டும். சாக்கெட்டில் செருகியுள்ள ஐ.சி.க்களையும் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைக்கலாம். சில ஐ.சி.க்களின் தலையில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காதீர்கள். அதன் கீழே உள்ள கண்ணாடிச் சாளரத்தில் புற ஊதா ஒளி நெடுநேரம் பட்டால் உள்ளே பதிந்த ஆட்டமே அழிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கோளாறு தொடர்ந்தால்தான் வெப்பச் சோதனை. பின்கதவைத் திறந்து மேசை மின்விசிறியை வைத்து ஓட்டிப் பாருங்கள். நாள் முழுவதும் நிற்காமல் ஓடினால் பெரும்பாலும் சூடுதான் காரணம். பிறகு மெக்கானிக், முடி உலர்த்தியால் போர்டின் ஒவ்வொரு பகுதியாகச் சூடேற்றி, நின்றவுடன் குளிர்விக்கும் ஸ்ப்ரேயை ஒவ்வொரு ஐ.சி.யாக அடித்தால், குற்றவாளி அகப்படும். அப்போதும் மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரு ஐ.சி. அல்லது ஒரு கெபாசிட்டர்தான். (இயந்திரத்தைப் பேக்கரி அடுப்பு இருக்கும் சுவரை ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூர் மாவட்டத்தில், அடுப்புச் சூடும் மாவுத் தூசியும் சேர்ந்தால் எந்தப் போர்டும் திணறும். முதலில் அதை இடம் மாற்றுங்கள், அதற்குச் செலவில்லை.)

தட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் பிக்சர் டியூப் 20,000 வோல்ட் அளவில் இயங்குவது. அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தேங்கி நிற்கும். டியூபையும் அதன் பின்புறச் சுற்றையும் பழைய டி.வி. வேலை தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டும்.

இனி, புகார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருள் என்பதற்காக யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. பொருளின் தரத்தைப் பற்றி வியாபாரி எதைக் கூறி விற்றாரோ, அதில் குறை இருந்தாலும் அச்சட்டத்தின்படி அது குறைபாடுதான். ஆகவே அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்குப் பெரிய ஆவணம், அழித்துவிடாதீர்கள். ரசீது தராததே முறையற்ற வணிக நடைமுறை. ரசீதில் வேறு கெடு குறிப்பிடாதபோது, குறைபாடுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. இரண்டாம் வாரத்திலேயே நீங்கள் முறையிட்டதற்குச் செய்தியோ அழைப்புப் பதிவோ இருந்தால் எடுத்து வையுங்கள். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.

ஆனால் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை; ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் வாங்குவதை எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே எழுப்பும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆள் வைக்காமல் நீங்களே கடையைப் பார்த்துக்கொள்பவர் என்றால் அதைப் புகாரிலேயே தெளிவாக எழுதுங்கள். வெற்றி நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். எனவே முதலில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஓர் அறிவிப்பு அனுப்பி, பழுது நீக்கிய செலவையாவது கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். கனெக்டரோடு முடிந்துபோகும் கோளாறாக இருந்தால், ஆணையத்துக்குப் போகும் அலைச்சல் அந்தத் தொகைக்குத் தகாது.

எந்த வழியில் போனாலும் சாட்சி வேண்டும். வீடியோ காலில் ஓடிக்காட்டும் இயந்திரத்தை அதன் போக்கிலேயே பிடிக்க வேண்டும்: திரைக்கு எதிரே கைப்பேசியை நிறுத்தி, காலையில் போட்டதிலிருந்து நிற்கும் வரை தொடர்ச்சியாகப் பதிவு செய்யுங்கள். நின்ற நேரம், படம் போனபோது ஒலி தொடர்ந்ததா, அப்போது கடையில் மின்னழுத்தம் எவ்வளவு என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒலி தொடர்ந்து படம் மட்டும் போனால் கோளாறு மானிட்டர் பக்கம். இரண்டும் சேர்ந்து போனால் போர்டு அல்லது சப்ளை பக்கம். அந்த நோட்டு ஆணையத்துக்கு மட்டுமல்ல, மெக்கானிக்குக்கும் பயன்படும்.

கேள்வி: ஆம்பூரில் இருக்கிறேன். வீட்டுக்காக இப்படி ஒரு பழைய இயந்திரம் வாங்க ஆசை. விற்பவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: போன உடனே முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சரிபார்த்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்தபின் தொடங்குவதில் உள்ள சிரமம் உங்களுக்குத் தெரியாமல் போகும். பின்கதவை மூடி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். திறந்து வைத்து ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சோதனைத் திரைக்கு (பொத்தான்களைச் சரிபார்க்க ஆட்டத்திலேயே உள்ள பக்கம்) போய் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' போன்ற ஆறு பொத்தான் ஆட்டத்தில் உதைக்கான மூன்றும் தனிக் கம்பியில் வருவதால், அவை மட்டும் விட்டுப்போனால் பயப்பட ஒன்றுமில்லை.

பிறகு அணைத்துவிட்டு போர்டைப் பாருங்கள். எஸ்.என்.கே. நிறுவனத்தின் நியோ ஜியோ வகைப் பழைய போர்டுகளில் உள்ள பேட்டரி கசிந்து, சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்திருக்கலாம்; பச்சை நிறப் படிவு தெரிந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். காப்காமின் அடுத்த தலைமுறையான சி.பி.எஸ்.2 போர்டில் பேட்டரி தீர்ந்தால் ஆட்டத்தைத் திறக்கும் சாவித் தகவலே அழிந்துபோகும். அதை மீட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பக்கத்துத் தெருவில் அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரமாக இருந்தால், 230 வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருக்கிறதா, எர்த் கம்பி சரியாக இணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். விற்பவர் வியாபாரி அல்லாத தனி மனிதர் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் அவரைப் பிடிப்பது கடினம்; அங்கே உங்கள் ஒரு மணி நேரச் சோதனைதான் உத்தரவாதம்.

கேள்வி: காட்பாடியில் உள்ள எங்கள் இயந்திரத்தில் அவ்வப்போது சிவப்பு நிறம் மட்டும் மறைந்து, படம் நீலப்பச்சையாகிறது. டியூபைத் தூக்கிவிட்டு எல்.சி.டி. போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு நிறம் மட்டும் விட்டு விட்டு மறைவது, அந்த நிறத்தின் கம்பியிலோ டியூபின் கழுத்தில் செருகியிருக்கும் சிறு போர்டின் ஈயப்பற்றிலோ உள்ள தளர்ச்சியாகவே பெரும்பாலும் இருக்கும். பழைய டி.வி. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் அந்தச் சிறு போர்டை முழுவதும் மறுபடி பற்றவைக்கச் சொல்லுங்கள். கோளாறு கனெக்டரிலோ ஆட்டம் ஓடும் மெயின் போர்டிலோ இருந்தால் புதிய எல்.சி.டி.யிலும் சிவப்பு வராது. மேலும் இந்த ஆட்ட போர்டுகள் தருவது பழைய டி.வி. வகை 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல்; சாதாரண எல்.சி.டி. அதை ஏற்காது என்பதால் கன்வெர்ட்டருக்கும் தனியே செலவாகும். அப்படியும் மாற்றுவதென்றால், கழற்றிய டியூபை மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். நல்ல டியூபுக்கு விலை உண்டு என்பது அவருக்குத் தெரியும்.